அம்பேத்கரும் பேறுகால உரிமையும்
பெற்றோருக்குப் பதினான்காம் பிள்ளையாக 1891இல் பிறந்த அண்ணல் அம்பேத்கர், சிறுவயதிலேயே தாயை இழந்தவர். ரமாபாயும் அவரும் பெற்ற ஐந்து குழந்தைகளில் நால்வர் பிஞ்சிலேயே மாண்டனர். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் பெண் தொழிலாளருக்கான பேறுகாலப் பயன் மசோதாவை ஆதரித்து வாதிட்டார். 1938இல் கருத்தடை வசதிகளை அரசே வழங்கக் கோரிய தீர்மானத்துக்காக அவர் எழுதிய உரையை ரோகம் அவையில் வாசித்தார், தீர்மானம் தோற்றது. 1956இல் அண்ணல் மறைந்தார்.

பேறுகாலப் பயன் பெற, முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்பது இன்றைய சட்டம். வருகைப் பதிவேடு ஒப்பந்தக்காரர் கையில் இருக்கையில், அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஒப்பந்தப் பெண் தொழிலாளி அந்த 80 நாளை எப்படி மெய்ப்பிப்பார்? அண்ணலுக்கு மாலையிடும் நாம், அப்பதிவேட்டின் நகலையும் அவளுக்குக் கேட்டுப் பெற்றுத் தருவோம்.