அவ்வை இல்லம் கண்ட அம்மையார்

வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்களின் ஆளுகைக்குட்பட்ட தனியரசாக விளங்கியது. அவ்வூரிலே 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் முத்துலட்சுமி அம்மையார் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் தலைவராய் இருந்த கல்விமான். தாயார் சந்திரம்மாள், கோயில்களில் ஆடலும் பாடலும் வளர்த்த இசை மரபிலே தோன்றியவர். இம்மணத்தைப் பொறாத சுற்றத்தார் ஐயரை ஒதுக்கி வைத்தனர். ஆகவே, ஒரு குழந்தையின் அறிவை நோக்காது அதன் பிறப்பை நோக்கி மதிப்பிடும் உலக வழக்கினை அம்மையார் இளமையிலேயே கண்டு கொண்டார்.

பருவமெய்திய பெண்கள் பள்ளிக்குச் செல்வது அந்நாளில் வழக்கமன்று. முத்துலட்சுமியும் பள்ளியினின்று நிறுத்தப்பட்டார். ஆயினும் தந்தையாரே வீட்டில் ஆசிரியராயினார். 1902ஆம் ஆண்டில் அம்மையார் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். அதற்குமேற் கற்க வேண்டுமாயின் ஆடவர் பயிலும் மகாராஜா கல்லூரியில்தான் சேர வேண்டும். அவருடைய விண்ணப்பம் பெரும் பூசலை விளைத்தது. பெண் ஒருத்தி வருவதாவது என்றனர் சிலர்; அதிலும் இன்ன குலத்தாள் பெற்ற மகள் வருவதாவது என்றனர் வேறு சிலர். தந்தையார் தலைமை வகித்த கல்லூரியே மகளுக்குக் கதவடைக்க முற்பட்டது! மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பினைப் பொருட்படுத்தாது, அம்மையாரைச் சேர்த்துக்கொள்ளுமாறு ஆணையிட்டார். திரையிட்ட வண்டியிற் சென்று, வகுப்பிலும் திரைமறைவில் அமர்ந்து அம்மையார் பாடங் கேட்டார். மன்னர் ஒருவர் துணை நின்றமையால் அவருக்குக் கதவு திறந்தது. மன்னர் துணையில்லாத சிறுமியர் என் செய்வர்? இவ்வினா பின்னாளில் அவரது வீட்டு வாயிலுக்கே வந்து சேர்ந்தது.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்றார். 1914இல், தம்மைச் சரிநிகராக மதித்தல் வேண்டும் என்னும் உடன்பாட்டின்பேரில் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். 1926ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைச் சட்ட மேலவைக்கு உறுப்பினராய் அமர்த்தப்பெற்று, அடுத்த ஆண்டு அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

அக்காலத்தில் இளஞ்சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் நாட்டில் இருந்தது. அதனை ஒழித்தல் வேண்டுமென 1927இல் அம்மையார் மேலவையில் தீர்மானம் கொண்டுவந்தார். பழைய மரபு கெடும் என்றும், கலை அழியும் என்றும் பலர் வாதிட்டனர். அம்மையார் சளைக்கவில்லை. கோயிற் பணியோடு பிணைக்கப்பட்டிருந்த மானிய நிலங்களை அப்பெண்டிர்க்கே உரிமையாக்க வகைசெய்யும் சட்டத் திருத்தம் 1929இல் நிறைவேறியது. பொட்டுக்கட்டுதலையே தடைசெய்யும் சட்டமோ 1947இல்தான் முற்றுப்பெற்றது.

ஆயினும் சட்டத்தால் மட்டும் ஒரு சிறுமியின் வாழ்வு மாறிவிடுமோ? பழைய வழியை அடைத்துவிட்டால், புதிய வழி ஒன்றனைத் திறந்துவிடுதலும் கடமையன்றோ? 1930ஆம் ஆண்டில் பொட்டுக்கட்டும் மரபிலே பிறந்த இளம்பெண்கள் மூவர், தங்குதற்கு இடமின்றி அம்மையாரின் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களைப் படிக்க வைக்க அம்மையார் விரும்பினார். சென்னையிலே பெண்களுக்கென்று பள்ளிகள் இல்லாமற் போகவில்லை. ஆனால், வீடும் காப்பாளரும் இல்லாத பெண் எங்கே உண்டு, எங்கே உறங்கிப் பள்ளிக்குச் செல்வாள்? விடுதியில் இடங் கிடைத்தாலன்றிப் பள்ளியில் இடங் கிடைத்தும் பயனில்லை. விடுதிகளோ சாதி பார்த்தே நடைபெற்று வந்தன. அந்தணர் பெண்களுக்கென அமைந்த ஒரு விடுதியை அம்மையார் நாடினார். அங்கே இடமில்லை என்றனர். மற்றை வகுப்பார்க்கென அமைந்த விடுதியை நாடினார். அங்கும் அதுவே விடையாயிற்று. நாடறிந்த மருத்துவர் ஒருவர் பரிந்து கேட்டும், அம்மூவருக்கு ஒரு பாயளவு இடங் கிட்டவில்லை.

இனிப் பிறரைக் கேட்டுப் பயனில்லை என அம்மையார் உணர்ந்தார். அப்பெண்களுக்குத் தாமே புகலிடம் அளித்தார். அதிலிருந்தே அவ்வை இல்லம் தோன்றியது. 1931ஆம் ஆண்டு முறையாக நிறுவப்பெற்றது. இன்ன சாதி, இன்ன சமயம், தந்தை இன்னார் என்னும் வினாக்கள் அங்கே தடையாக நிற்கவில்லை. பெற்றோரை இழந்தவர், கைவிடப்பட்டவர், வறுமையால் வாடியவர் ஆகிய சிறுமியர் அனைவரும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். உணவும் உறைவிடமும் அளித்ததோடு அமையாமல், கல்வியையும் தொழிலையும் கற்பித்தலே இல்லத்தின் நோக்கமாயிற்று.

இல்லத்தின் பெயரும் எண்ணத்தக்கது. ஆதி, பகவன் என்னும் இருவர்க்குப் பிறந்த ஔவை, பிறந்த இடத்திலேயே விடப்பட்டுப் பாணர் வீட்டிலே வளர்ந்தார் என்பது நம் நாட்டுச் செவிவழிக் கதை. பெற்றோர் விட்டுச் சென்ற அப்பிள்ளையை வேறொரு குடும்பம் எடுத்து வளர்த்தமையாலன்றோ தமிழ்ச் சிறார் யாவர்க்கும் எழுத்தறிவிக்கும் பாட்டி கிடைத்தாள்! கதை வரலாறாகாது எனினும், வீடற்ற சிறுமியர் பயிலும் இடத்திற்கு இதனினும் பொருத்தமான பெயர் வாய்த்தல் அரிது.

காந்தியடிகள் உப்பு அறப்போரிற் சிறைப்பட்ட 1930ஆம் ஆண்டிலேயே அம்மையார் மேலவைப் பதவியைத் துறந்திருந்தார். ஆதலின் இல்லத்தை நடத்தப் பதவியின் செல்வாக்கு இல்லை. நன்கொடை வேண்டிப் பலரையும் அணுக வேண்டியிருந்தது. பின்னர் அடையாற்றில் இல்லத்திற்குச் சொந்த இடம் அமைந்தது. நாளடைவில் ஆரம்பப் பள்ளியும், உயர்நிலைப் பள்ளியும், ஆசிரியப் பயிற்சிப் பள்ளியும் அங்கே எழுந்தன. தங்குமிடமும் பள்ளியும் ஒரே வளாகத்தில் அமைந்தமையால், காப்பாளர் இல்லை என்னும் காரணத்தால் கல்வியிழக்கும் நிலை அச்சிறுமியர்க்கு நேரவில்லை. ஒருகால் விடுதிகள் ஏற்க மறுத்த வகையினரான பெண்கள், அங்கேயே ஆசிரியைகளாகப் பயிற்சி பெறவும் வழி பிறந்தது.

தம் தங்கையாரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அம்மையாரின் நெஞ்சை விட்டகலவில்லை. அவரது விடாமுயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை 1954இல் திறக்கப்பெற்றது. 1956இல் அரசினர் பத்மபூஷண் விருதளித்துச் சிறப்பித்தனர். 1968ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 22ஆம் நாள் அம்மையார் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவ்வை இல்லத்தின் பள்ளி மணி அதன் பின்னரும் ஓயாது ஒலித்தது.