யேல் துரையும் கெடிலக் கரையும்

மேற்றிசையிலே கல்வராயன் மலை நீலத்திரை விரித்தாற்போல் தோன்றும் கள்ளக்குறிச்சி அடியேனுடைய ஊர். சென்ற கோடை விடுமுறையில் அமெரிக்காவிலிருந்து அத்தை மகன் எம் இல்லத்திற்கு வந்திருந்தான். அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவனாகிய அவன், கல்லூரிப் பாடத்திற்கு ஒப்பானதொரு தேர்வினை அடுத்த ஆண்டு எழுதவேண்டியிருந்தமையால், அமெரிக்காவின் தொடக்க வரலாற்றைத் திண்ணையில் அமர்ந்து நாள்தோறும் உரக்கப் படிப்பான். ஒருநாள் யேல் கல்லூரி என்னும் பெயர் வந்தது. சென்னையை ஆண்ட யேல் துரையின் பெயரால் எழுந்த கல்லூரிதானே என்று வினவினேன். அவன் நகைத்தான்; யான் விளையாடுகின்றேன் என்று எண்ணினான். அவனுடைய நூலிலே அப்பெயர் ஒரு வரியோடு முடிந்திருந்தது. அவ்வொரு வரிக்குப் பின்னே நம் நாடு எத்துணை மறைந்து கிடக்கின்றது என்று அன்று மாலை அவனுக்கு உரைத்ததையே ஈண்டு எழுதலாயினேன்.

எலிகு யேல் என்பார் 1649-ஆம் ஆண்டு ஏப்பிரல் 5-ஆம் நாள் பாஸ்டன் நகரிலே பிறந்தார். அவர்தம் குடும்பம் வேல்ஸ் நாட்டிற் கிளைத்தது. அவருடைய பாட்டியை மறுமணம் செய்துகொண்ட தியாபிலஸ் ஈட்டன், 1638-இல் நியூ ஹேவன் குடியேற்றத்தை நிறுவிய தலைவருள் ஒருவர். எலிகு மூன்று வயதுக் குழவியாயிருந்தபோதே, 1652-இல், பெற்றோர் அவரை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றனர். அதன்பின் அவர் அமெரிக்க மண்ணை மிதித்ததே இல்லை.

1672-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராய்ச் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் வந்திறங்கினார். அக்காலத்து எழுத்தருக்கு ஆண்டொன்றுக்குப் பத்துப் பவுனே சம்பளம். ஆயினும் கம்பெனி ஊழியர் தம் பொருட்டாகத் தனி வாணிகமும் நடத்திவந்தனர். யேல் துரையும் அவ்வழியே சென்றார். வைர வாணிகத்திலே பெரும்பொருள் திரட்டினார். 1680-இல் கோட்டையுள் புனித மரியாள் ஆலயம் திறக்கப்பெற்றது. அதன் பதிவேட்டிலே முதலாவதாக எழுதப்பட்ட திருமணம், கைம்பெண்ணாகிய கேதரின் அம்மையாரை அவர் மணந்ததே. அவர்களுக்குப் பிறந்த ஆண்மகவாகிய தாவீது 1688-இல் இளவயதிலேயே இறந்தான். உயர்நீதிமன்றத்தின் அயலிலே, சட்டக் கல்லூரிக் கட்டடத்தருகே எழுப்பப்பெற்ற உயர்ந்த கல்லறைத் தூண் அச்சிறுவன் துயின்ற இடத்தைக் குறிப்பது.

1687-இல் யேல் துரை சென்னையின் ஆளுநரானார். அடுத்த ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் சென்னை நகராண்மைக் கழகம் தோன்றிற்று. அதன் முதல் மேயராகிய நத்தானியல் ஹிக்கின்சனும் அமெரிக்காவிலே பிறந்தவரே. பின்னர் யேலுக்கு அடுத்த ஆளுநராய் வந்தவரும் அவரே. அமெரிக்கக் குடியேற்றங்களிற் பிறந்த இருவர் ஒருவர்பின் ஒருவராய்ச் சென்னையை ஆண்டனர் என்பதைக் கேட்டபோதுதான் அத்தை மகன் தன் நூலை மூடி வைத்தான்.

இனி எம் பகுதிக்கு வருவோம். கள்ளக்குறிச்சிப் பகுதியிலே பிறக்கும் கெடிலம், கிழக்கு நோக்கி ஓடிக் கடலூரையடுத்த தேவனாம்பட்டினத்தருகே கடலொடு கலக்கின்றது. அக்கழிமுகத்திலே நின்ற கோட்டையொன்றைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடமிருந்து 1690-இல் யேல் துரையின் ஆட்சி விலைக்கு வாங்கிற்று. அவ்விற்பனையின் உடன்படிக்கை வியப்புக்குரியது. கோட்டையினின்று பீரங்கி சுட, நாற்புறமும் குண்டு சென்று விழும் எல்லைவரையுள்ள நிலமனைத்தும் கம்பெனிக்கு உரியதாம். அவ்வாறு அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் என்றே வழங்கலாயின. கோட்டைக்குப் புனித தாவீதின் பெயர் சூட்டப்பட்டது. தாவீது வேல்ஸ் நாட்டின் காவற் புனிதர். இறந்த மைந்தனுக்கும் அதுவே பெயர். உழுதுண்பார் உழுதுகொண்டிருக்க, அவர் தலைக்குமேற் பறந்ததொரு குண்டினாலே அவர்தம் தலைவர் மாறினர்.

இத்துணையும் கேட்போர்க்கு வேடிக்கையாகும். இனி உரைப்பது அத்தகையதன்று. யேல் துரை ஆளுநரான காலத்திலே சோழமண்டலக் கரையைப் பெரும்பஞ்சம் வாட்டிற்று. பசியினால் மக்கள் தம்மையும் தம் மக்களையும் விற்றனர். திருடர் பிள்ளைகளைக் கவர்ந்தும் விற்றனர். வாங்கப்பட்டோர் சென்னைத் துறையிலே மரக்கலமேறினர். ஐரோப்பாவுக்குச் செல்லும் கப்பல் ஒவ்வொன்றும் பத்து அடிமைகளையேனும் ஏற்றிச் செல்லவேண்டும் என்று அவர் தலைமை வகித்த சபை விதித்தது. 1688-இல் முகலாய அதிகாரிகள் முறையிட்ட பின்னரே அவ்வாணிகம் தடுக்கப்பட்டது. கப்பலேறியவர்தம் பெயர்களை நாம் அறியோம். அவர் பேசியது நம் மொழியாயிருத்தல் கூடும்.

சபையாரோடு பகைமையும், பதவியைத் தம் வாணிகத்திற்குப் பயன்படுத்தினார் என்னும் குற்றச்சாட்டும் மிகவே, 1692-இல் கம்பெனி அவரைப் பதவியினின்று நீக்கிற்று. வழக்குகள் தீராமையால் மேலும் ஏழாண்டுகள் சென்னையிலேயே தங்கி, 1699-இல் பெருஞ்செல்வராய் இங்கிலாந்து மீண்டார்.

அக்காலத்திலே கனெக்டிகட் குடியேற்றத்தில் 1701-இல் தோன்றிய சிறிய கலாசாலையொன்று பொருளின்றித் தவித்துக்கொண்டிருந்தது. பாஸ்டன் குருவாகிய காட்டன் மாதர் 1718-இல் யேல் துரைக்கு முடங்கல் விடுத்தார். பெரியார் ஒருவரின் பெயரைத் தாங்கும் கல்லூரி எகிப்திய மன்னரின் கல்லறைக் கோபுரத்தினும் சிறந்த நினைவுச் சின்னமாகும் என்பது அவர் கருத்து. பெயர் விளக்க மைந்தனில்லாத முதியவருடைய நெஞ்சை அது தொட்டிருத்தல் வேண்டும். அவர் ஒன்பது பொதிச் சரக்கும், 417 நூல்களும், முதலாம் ஜார்ஜ் மன்னரின் உருவப்படமும் அனுப்பினார். பொதிகளிலே மஸ்லின், காலிகோ முதலிய துணிகள் இருந்தன. அச்சரக்கு ஏறக்குறைய 562 பவுனுக்கு விலைபோயிற்று. நியூ ஹேவனில் எழுந்த அக்கல்லூரி அவ்வாண்டே யேல் கல்லூரி என்று பெயர் பெற்றது. கொடையாளர் அதனைக் கண்ணாற் காணாமலே 1721 ஜூலை 8-ஆம் நாள் இலண்டனிற் காலமானார். வேல்ஸ் நாட்டு ரெக்ஸ்ஹம் ஆலயத்து முற்றத்திலே அவர் கல்லறை உள்ளது.

அவர் முதுமையில் எழுதப்பெற்ற ஓவியமொன்று உண்டு. மேசையைச் சூழ்ந்து துரையும் உறவினரும் வீற்றிருக்க, ஓரத்திலே கழுத்திற் பட்டை பூட்டப்பெற்ற அடிமைச் சிறுவனொருவன் நிற்கின்றான். துரையின் பெயரை உலகம் அறியும். சிறுவனின் பெயரை எவரும் எழுதிவைத்திலர். 2024 பெப்ருவரியில் அப்பல்கலைக்கழகம், தன் தொடக்ககாலத் தலைவர்கள் அடிமை முறையோடு கொண்டிருந்த தொடர்புக்காக வெளிப்படையாய் மன்னிப்புக் கோரிற்று. முந்நூறு ஆண்டுகள் தாழ்ந்து வந்த சொல்லாயினும், வந்தமை நன்றே.

அவ்வாறாயின் அக்கொடை தீயதா என்று அத்தை மகன் வினவினான். உடனே விடையிறுக்க என்னால் இயலவில்லை. அக்கல்லூரியிலே பயின்று உலகுக்கு நலம் செய்தோர் எண்ணிறந்தோர். அந்நலத்தை இல்லையென்று தள்ளுதல் பொய்யாகும். அதன் முதற்பொருளிலே நம் கரையின் துயரமும் கலந்திருந்தது என்பதை மறைத்தலும் பொய்யேயாகும். நாமும் முன்னோர் பலர் ஈந்த பொருளால் எழுந்த கல்லூரியிலேயே பயில்கின்றோம். நன்றியறிதல் நம் கடன். அப்பொருள் எவருடைய உழைப்பினின்று வந்தது என்று வினவுதலும் அந்நன்றியின் ஒரு பகுதியே என்று பின்னர்க் கூறினேன்.

அவன் மீண்டும் நூலைத் திறந்தான். யேல் என்னும் பெயர் நின்ற வரியின் ஓரத்திலே, தேவனாம்பட்டினம் என்று தன் கையால் எழுதிக்கொண்டான்.