நம்பினால் போதுமா, நல்லது செய்யணுமா? ஐரோப்பாவைப் பிளந்த மார்ட்டின் லூதர் யார்?

இரட்சிப்புக்கு விசுவாசம் மட்டும் போதுமா, இல்லை நற்கிரியைகளும் வேணுமா? இந்த ஒரு கேள்விதான் 500 வருஷத்துக்கு முன்னாடி ஐரோப்பாவையே இரண்டாக்கியது. அதைக் கிளப்பியவர் ஜெர்மனியைச் சேர்ந்த துறவி மார்ட்டின் லூதர். (அமெரிக்காவின் மார்ட்டின் லூதர் கிங் வேறு ஆள். இவர் பெயரைத்தான் அவருக்கு வைத்தார்கள்.)

1483 நவம்பர் 10-ல் ஐஸ்லேபன் என்ற ஊரில் பிறந்தார் லூதர். அப்பா ஹான்ஸ் தாமிரச் சுரங்கத் தொழிலில் இருந்தவர். மகனை வக்கீலாக்கிப் பார்க்க ஆசை. ஆனால் 1505 ஜூலையில், நடுவழியில் இடி மின்னலில் சிக்கிய லூதர், உயிர் பிழைத்தால் துறவியாகிறேன் என்று புனித அன்னாளிடம் நேர்ந்துகொண்டார். இரண்டே வாரத்தில் சட்டப் படிப்புக்கு டாட்டா. எர்ஃபர்ட் நகரில் உள்ள அகஸ்டீன் மடத்தில் சேர்ந்துவிட்டார். அப்பாவுக்குக் கடும் கோபம்.

மடத்தில்தான் உண்மையான பிரச்னை ஆரம்பம். உபவாசம், ராத்திரி முழுக்க ஜெபம், குளிரில் உடம்பை வருத்துவது என எதையும் அவர் விடவில்லை. செய்த பாவங்களை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்வார். வெளியே வந்ததும், ஏதோ ஒன்றை விட்டுட்டோமே என்று மறுபடி பயம் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு செய்தால் கடவுளுக்குப் போதும்? இது அவருக்கு வெறும் தத்துவ விவாதம் இல்லை, தூக்கத்தைக் கெடுத்த கேள்வி.

விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான பிறகு, பவுல் எழுதிய ரோமர் நிருபத்தைப் பாடம் எடுத்தார். விடை அங்கே கிடைத்ததாக நம்பினார். மனுஷன் சம்பாதித்து வாங்கும் கூலி இல்லை இரட்சிப்பு. கடவுள் இலவசமாகத் தருவதை விசுவாசத்தால் பெற்றுக்கொள்கிறான், அவ்வளவுதான்.

இதே நேரத்தில் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனை சூடுபிடித்தது. மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் பதவிக்காக ஃபுக்கர் குடும்பத்திடம் வாங்கிய கடனை அடைக்கணும், ரோமில் புனித பேதுரு பேராலயமும் கட்டணும். வசூலில் பாதி அங்கே, பாதி இங்கே. லூதரின் ஊரில் இந்த விற்பனைக்குத் தடை. ஆனாலும் மக்கள் எல்லை தாண்டிப் போய் சீட்டு வாங்கி வந்தார்கள்.

1517 அக்டோபர் 31-ல் 95 கருத்துகளை எழுதி பேராயருக்கே அனுப்பினார் லூதர். ஆலயக் கதவில் ஆணி அடித்தாரா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. அச்சு இயந்திரம் வேலையைக் காட்டியது. சில மாதங்களில் விஷயம் ஜெர்மனி முழுக்கப் பரவியது. 1521-ல் போப் அவரைச் சபையிலிருந்து விலக்கினார். வோர்ம்ஸ் நகரில் பேரரசர் முன்னால் நின்றும், எழுதியதை வாபஸ் வாங்க மறுத்தார்.

தலைமறைவாக வார்ட்பர்க் கோட்டையில் இருந்தபோது, சில வாரங்களிலேயே புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். ரோமர் 3:28-ல் மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்ற சொல்லைச் சேர்த்ததுதான் பெரிய சர்ச்சை. இதற்கு நேர் எதிராகத் தோன்றும் யாக்கோபு நிருபம், கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்கிறது. அதைக் கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளிவிட்டார் லூதர். இது கொஞ்சம் ஓவர்தான்!

அதற்காக, நல்லது செய்யத் தேவையில்லை என்று அவர் சொல்லவில்லை. நல்ல மரத்தில் பழம் தானாகக் காய்ப்பது போல, விசுவாசம் இருந்தால் நற்செயல் பின்னாலேயே வரும் என்பது அவர் வாதம். கத்தோலிக்கத் தரப்பும் மனுஷன் தன் முயற்சியால் மட்டும் மீட்படைகிறான் என்று சொல்லவில்லை. கடவுளின் கிருபைதான் முதலில், மனுஷன் அதோடு ஒத்துழைக்கணும் என்று திரெந்து பொதுச்சங்கம் 1547-ல் தீர்மானித்தது. அதற்கு முந்தைய வருஷமே, பிறந்த ஊரான ஐஸ்லேபனில் லூதர் இறந்துவிட்டார்.

அவர் வாழ்க்கையில் கறைகளும் உண்டு. 1525 விவசாயிகள் கிளர்ச்சியை ரத்தத்தில் அடக்கச் சொல்லி எழுதினார். 1543-ல் யூதர்களுக்கு எதிராக எழுதிய வெறுப்பு நூலை, பின்னாளில் நாஜிக்கள் பிரசாரத்துக்குப் பயன்படுத்தினார்கள். லூதரன் சபைகளே இன்று அதை நிராகரிக்கின்றன.

தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட சீகன்பால்க் லூதரன் சபைக்காரர்தான்.

1999 அக்டோபர் 31-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்க, லூதரன் சபைகள் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. மீட்பு கிருபையால் வருவது, நற்செயல் அதன் கனி என்பதில் அடிப்படை உடன்பாடு ஏற்பட்டது. 2006-ல் மெதடிஸ்ட் சபைகளும் அதில் சேர்ந்துகொண்டன.