ஷூவோடு மல்லுக்கட்டிய அன்னா பாவ்லோவா

ஜிம்முக்குப் போடும் ஷூவிலேயே ஜும்பா கிளாஸுக்கும் போறீங்களா? பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவாவின் கதை உங்களுக்குத்தான்.

1881-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். அம்மா, துணி வெளுக்கும் தொழிலாளி. 10 வயதில் அரசு பாலே பள்ளியில் இடம் கிடைத்தது. ஆனால், பாதம்தான் ஒத்துழைக்கவில்லை. ஒல்லிப் பாதம், வளைவும் அதிகம். நுனிக்காலில் நின்றால் மொத்த எடையும் பெருவிரல் மேல்தான்.

அன்றைய பாலே ஷூவோ ரொம்ப மெல்லிசு. பாவ்லோவா அதற்குள் கெட்டித் தோலை வைத்தார், முனையைத் தட்டையாக்கினார். தரையில் படும் பரப்பு கூடியதால் நிலையாக நிற்க முடிந்தது. இது ஏமாற்று வேலை என்று சிலர் முணுமுணுத்தார்கள். இன்றைய பாலே ஷூ கிட்டத்தட்ட அதே பாணிதான்!

வழுக்காமல் இருக்க பாலே கலைஞர்கள் ஷூவில் பைன் பிசின் தூளைத் தேய்ப்பார்கள். அதுவும் அளவோடுதான். பிடிப்பு கூடினால், சுழலும்போது பாதம் தரையிலேயே நின்றுவிடும், முழங்கால் திருகிக்கொள்ளும். பிடிப்பு அதிகமுள்ள ரன்னிங் ஷூவோடு ஆடினாலும் இதே ஆபத்துதான்.

1931-ல் ஹேக் நகரில், 49 வயதில் பாவ்லோவா இறந்தார். இந்திய நடனத்தின் பக்கம் திரும்பும்படி அவர் தூண்டிய ருக்மிணி தேவி, 1935-ல் அடையாறில் பரதம் ஆடினார். வெறுங்காலில்.