மகாத்மா ஜோதிராவ் பூலேயும் மக்கள் கல்வியும்

வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், பள்ளிக்குச் செல்வதைத் தம் பிறப்புரிமையாகவே கருதி வளர்ந்துவிட்ட நம் சமுதாய இளைஞர்களுக்கு, அவ்வுரிமைக்காக முதற்குரல் எழுப்பிய பெருமகன் ஒருவரின் வரலாற்றைச் சொல்ல விழைகின்றோம். அவர் நம் குலத்தில் பிறந்தவர் அல்லர். நம் மொழி பேசியவரும் அல்லர். எனினும் அவருக்கு நாம் பட்டுள்ள கடன் பெரிது.

ஜோதிராவ் பூலே 1827ஆம் ஆண்டு பூனா நகரில், மாலி என்னும் தோட்டக்காரக் குடும்பத்தில் தோன்றினார். தாயைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். ஆரம்பப் பாடம் முடிந்ததும், தோட்ட வேலைக்குப் படிப்பு எதற்கென்று பள்ளியினின்றும் நிறுத்தப்பட்டார். அண்டை வீட்டாராகிய ஓர் இசுலாமிய அறிஞரும் ஓர் ஆங்கிலேயரும் தந்தையை வற்புறுத்தியதன் பயனாகவே, 1841இல் ஸ்காட்லாந்து மிஷன் பள்ளியில் மீண்டும் சேர்ந்தார். இடையில் நின்ற பிள்ளையின் துயரை அவர் நூலிலே கற்றவர் அல்லர். தம் வாழ்விலே கண்டவர்.

1848இல் தம் 21ஆம் வயதில் பூனாவில் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கினார். ஆசிரியை கிடைக்கவில்லை. தம் மனைவி சாவித்திரிபாய்க்குத் தாமே எழுத்தறிவித்து ஆசிரியையாக்கினார். அவ்வம்மையார் பள்ளிக்குச் செல்லும் வழியில் சாணமும் சேறும் வீசப்பட்டன. ஊராரின் பகைக்கு அஞ்சிய தந்தை, மகனையும் மருமகளையும் வீட்டைவிட்டு வெளியேறச் செய்தார். இருவரும் பணியைக் கைவிடவில்லை. மகார், மாங்கு முதலிய தீண்டப்படாத மக்களின் குழந்தைகளுக்கும் பள்ளிகள் எழுந்தன. 1855இல் உழைப்பாளிகளுக்கு இரவுப் பள்ளியும் ஏற்பட்டது.

அப்பள்ளிகளின் விளைவு யாது? மூன்றாண்டுகள் பயின்ற முக்தா என்னும் 14 வயது மாங்கு குலச் சிறுமி, தம் மக்கள் படும் கொடுமைகளை விவரித்துக் கட்டுரை வரைந்தாள். அது 1855இல் மராத்தி இதழொன்றில் வெளிவந்தது. வேதம் காதில் விழவும் தகாதென ஒதுக்கப்பட்ட குலத்துப் பெண் எழுதுகோல் பிடித்தாள். தன் கருத்தைத் தானே சொன்னாள். கல்வியின் பயனை அளக்க இதனினும் சிறந்த அளவுகோல் நமக்குத் தெரியவில்லை.

தனியொருவர் நடத்தும் சில பள்ளிகளால் நாடு எழுத்தறிவு பெறாது என்பதைப் பூலே நன்குணர்ந்தார். 1882இல் ஹண்டர் தலைமையில் அரசு அமைத்த கல்விக் குழுவின் முன் எழுத்து மூலம் சாட்சியம் அளித்தார். அதன் சாரத்தை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

அரசின் வருவாயில் பெரும்பகுதி உழவனின் வியர்வையிலிருந்து வருகின்றது. அப்பணமோ மேற்குடியினரின் உயர்கல்விக்குச் செலவாகின்றது என்றார். மேலோருக்குக் கற்பித்தால் அறிவு தானே கீழே இறங்கும் என்ற கொள்கை பொய்த்துவிட்டதெனக் காட்டினார். 12 வயது வரையிலாவது ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கக் கோரினார். பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வேண்டும். அவர்கள் உழுகுடி மக்களிலிருந்தும் வர வேண்டும். மாதச் சம்பளம் 12 ரூபாய்க்குக் குறையலாகாது என்றார். கணக்கு, வேளாண்மை, உடல்நலம் ஆகியவற்றோடு, பத்திரங்கள் எழுதப்பட்டு வந்த மோடி எழுத்தையும் பாடமாக்கச் சொன்னார். பத்திரத்தைப் படிக்கத் தெரியாதவன் நிலத்தைக் காப்பது எங்ஙனம்?

ஆண்டுக்கொரு முறை அதிகாரி வந்து பார்ப்பதால் பள்ளி திருந்தாது. மூன்று மாதத்திற்கொரு முறையேனும், முன்னறிவிப்பின்றியும் பார்வையிட வேண்டும் என்றார். போட்டியினால் மட்டுமே உதவித்தொகை வழங்குவது பார்வைக்கு நீதியாகத் தோன்றினும், கல்வி எட்டாத வகுப்பாருக்கு அது பயன்படாது என்றும் எடுத்துக் காட்டினார்.

குழு, ஆரம்பக் கல்வியை உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைக்கப் பரிந்துரைத்தது. கட்டாயக் கல்வி வரவில்லை. பூலே சோர்ந்தாரில்லை. 1888இல் பம்பாய் மக்கள் அவருக்கு மகாத்மா என்ற பட்டம் சூட்டினர். அவ்வாண்டே வாத நோயால் வலக்கை செயலிழந்தது. இடக்கையால் எழுதித் தம் இறுதி நூலை முடித்தார். 1890 நவம்பர் 28இல் மறைந்தார். அண்ணல் அம்பேத்கர், சூத்திரர் யாவர் என ஆராய்ந்து 1946இல் வெளியிட்ட தம் நூலை அவருக்கே காணிக்கையாக்கினார்.

அவர் கேட்டது எப்பொழுது கிடைத்தது? 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், பத்தாண்டுகளுக்குள் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி வழங்க அரசு முயல வேண்டும் என்றது. 2002இல் அது அடிப்படை உரிமையாக்கப்பட்டது. அதற்கான சட்டம் 2010 ஏப்ரலில்தான் செயலுக்கு வந்தது. சாட்சியத்திற்கும் சட்டத்திற்கும் இடையே 128 ஆண்டுகள்! பட்டியல் சாதியினரில் எழுத்தறிந்தோர் 1961இல் நூற்றுக்கு 10 பேர்; 2011இல் 66 பேர். ஆயினும் அவ்வாண்டு நாட்டின் மொத்த அளவு 73 என்பதை மறத்தலாகாது.

அன்பர்களே! பெயர்ப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர் ஏறுவது தொடக்கமேயன்றி முடிவன்று. வகுப்பில் அமர்ந்த பிள்ளை வாசிக்கக் கற்றதா, இடையில் நின்றதா என்று கேட்பதே பூலேயின் வழி. அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும் என அச்சட்டம் கூறுகின்றது. அவ்விருக்கைகளில் நம் தாய்மாரும் தந்தைமாரும் அமர வேண்டும். கற்ற இளைஞர் ஒவ்வொருவரும், நின்றுவிட்ட பிள்ளை ஒன்றைக் கைப்பிடித்து மீண்டும் பள்ளியில் சேர்க்க வேண்டும். அன்று பூலேயின் தந்தையிடம் அவ்விருவர் சென்று பேசியிராவிடில், நமக்கு ஒரு பூலே கிடைத்திருப்பாரா என எண்ணிப் பார்ப்போமாக.