அடுக்களையில் நிலைபெற்ற வழிபாடு

வழிபாட்டிற்கென நேரமும் இடமும் வகுத்துள்ள சமயங்கள் அனைத்திலும், அந்நேரம் கழிந்த பின் மனிதன் இறைவனோடு எங்ஙனம் வாழ்வது என்னும் வினா எஞ்சியே நிற்கிறது. கிறித்தவ மரபில் இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவி சகோதரர் லாரன்சு. அவர் குருப்பட்டம் பெற்றவரல்லர்; உயர்கல்வி கற்றவருமல்லர்; நூலியற்றிப் புகழ் தேடியவருமல்லர்.

நிக்கொலா எர்மான் என்பது அவர்தம் இயற்பெயர். லொரேன் பகுதியில் லூனெவில் நகரையடுத்த எரிமெனில் என்னும் சிற்றூரில், 1614ஆம் ஆண்டளவில் எளிய குடியில் பிறந்தார். பதினெட்டாம் வயதில், குளிர்காலத்து மரமொன்று இலையின்றி நிற்கக் கண்டார். சில திங்களில் அது தளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என எண்ணிய அளவில், படைத்தவனின் ஆற்றல் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. கவிஞர் பலர் கண்டு பாடிய காட்சிதான் அது. அவரோ அதனைப் பாடவில்லை, வாழ்நாள் முழுதும் மறவாதிருந்தார்.

அக்காலத்தில் ஐரோப்பாவை முப்பதாண்டுப் போர் அலைக்கழித்தது. படைவீரரான அவரை ஒற்றரென ஐயுற்றுச் சிறைப்பிடித்த செருமானியப் படையினர், தூக்கிலிடுவதாக அச்சுறுத்தினர். அஞ்சாது உண்மை கூறி விடுபட்டார். 1635இல் ராம்பர்வில்லரில் காயமுற்றுப் படைத்தொழிலை விட்டார். பின்னர் செல்வர் ஒருவரின் இல்லத்தில் ஏவலாளராக இருந்தார். தொட்டதையெல்லாம் உடைக்கும் கைப்பதற்றம் உடையவராகத் தம்மையே அவர் பிற்காலத்தில் குறிப்பிட்டார்.

1640இல் பாரிசு நகரின் கார்மேல் துறவியர் மடத்தில் குருப்பட்டமில்லாச் சகோதரராகச் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த பணி அடுக்களை வேலை. இயல்பாகவே அவர் பெரிதும் வெறுத்த வேலை. அதனை ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் செய்தார். பின்னர் மடத்தாரின் மிதியடிகளைச் செப்பனிட்டார். திராட்சை மது கொள்முதலுக்காகப் பர்கண்டிக்கு அனுப்பப்பட்டபோது, கால் ஊனத்தால் நடக்கவியலாமல், படகில் பீப்பாய்களின்மேல் உருண்டே நகர்ந்தார்.

அமைதி அவருக்கு எளிதில் வாய்த்ததன்று. துறவின் முதற் பத்தாண்டுகள் உள்ளம் துன்புற்றது. தமக்கு மீட்பே இல்லையென்றும் சிலகாலம் நம்பினார். மீட்புக் கிட்டினும் கிட்டாவிடினும் இறைவன்மீது அன்பு செலுத்துவதே தம் கடன் என உறுதிகொண்ட பின்னரே அத்துயர் நீங்கியது. அவரது பயிற்சி எளிதெனத் தோன்றி அரிதாவது. வேலையிடையே நெஞ்சை இறைவன்பால் திருப்புவார். மறந்துவிட்டதை உணர்ந்தால், வருந்திப் பொழுது போக்காமல் மீளத் திரும்புவார். வாணலியில் முட்டை அடையைத் திருப்பிப் போடுவதையும் இறையன்பிற்காகவே செய்தார். செபவேளைக்கும் வேலைப்பொழுதிற்கும் அவரிடத்தில் வேறுபாடு மறைந்தது.

அடுக்களைப் பணியைப் போற்றிப் பேசி, அதனைச் செய்வோரை அங்கேயே நிறுத்திவைப்பதற்கு இவ்வாழ்வைச் சான்றாக்குதல் தகாது. அவ்வேலையை அவருக்கு வாய்த்த இன்பமெனக் கொள்ளுதலும் பொருந்தாது. வெறுத்த வேலையிலும் தம் உள்ளத்தை எவருக்கும் அடிமையாக்காது காத்தார் என்பதே அவர் பெருமை.

1666 முதல் அவரோடு உரையாடிய யோசேப்பு த பொஃபோர் என்னும் குரு, 1691 பிப்ரவரி 12இல் அவர் மறைந்தபின், அவர்தம் கடிதங்களையும் உரையாடல்களையும் 1692, 1694 ஆண்டுகளில் வெளியிட்டார். விரைவில் அமைதிநெறி பற்றிய பூசல் எழுந்தது. லாரன்சை மதித்து எடுத்துக்காட்டிய பேராயர் ஃபெனெலோனின் நூற்கருத்துகள் சில 1699இல் உரோமையின் கண்டனத்திற்கு ஆளாயின. அதன் நிழல் லாரன்சின் மேலும் படிந்தது. தாய்நாட்டில் மங்கிய அவர் புகழைப் புராட்டஸ்டண்டு அறிஞர்கள் காத்தனர். பியேர் புவாரே அவர் எழுத்துகளைப் பதிப்பித்தார். ஜான் வெஸ்லி தம் நூல்தொகுதியில் சேர்த்தார். கத்தோலிக்கத் துறவி ஒருவர் பிற சபையாரால் உலகெங்கும் அறியப்பட்டார்.

கவிஞர் கூடும் இவ்வரங்கில் ஒரு செய்தியை நினைவுகூர்தல் பொருந்தும். லாரன்சு சிலவேளை தம் உள்ளத்து அனுபவத்தை எழுதினார். எழுதியதை உணர்ந்ததோடு ஒப்பிட்டு, அது மிகத் தாழ்ந்ததெனக் கண்டு உடனே கிழித்தெறிந்தார். நாமெல்லாம் கிழித்தெறிய வேண்டுவதில்லை. எனினும் எழுதியதை அச்சிற்குத் தருமுன், அவரைப்போல் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தல் நம் கடமையாகும்.