பத்து கோல் தோல்விக்குப் பிறகும் ஒரு பயிற்சியாளர்

வேளாங்கண்ணிக் கடற்கரையில் வெயில் தாழ்ந்ததும் மீனவக் குடியிருப்புகளைச் சேர்ந்த இளைஞர்கள் ஈர மணலில் கால்பந்து ஆடத் தொடங்குகிறார்கள். ஆட்டம் முடிந்து தேநீர்க் கடையில் கூடினால் பேச்சு தங்கள் ஆட்டத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. சென்னை அணி அடுத்த ஆட்டத்தில் தேறுமா, பயிற்சியாளரை மாற்றினால்தான் விடியுமா, இந்திய அணிக்கு உள்நாட்டுப் பயிற்சியாளர் போதுமா, வெளிநாட்டவர் வேண்டுமா என்றெல்லாம் வாதம் நீள்கிறது. நாடு முழுவதும் இதே வாதம்தான். 2024 ஜூன் முதல் 2025 ஆகஸ்ட் வரையிலான காலத்துக்குள் இகோர் ஸ்டிமாச், மனோலோ மார்கஸ், காலித் ஜமீல் என்று மூன்று பயிற்சியாளர்களை இந்திய அணி கண்டுவிட்டது. ஒரு தோல்வி வந்தால் முதலில் உருள்வது பயிற்சியாளரின் தலை.

இந்த வாதத்தில் ஈடுபடும் எவரும் ஒருமுறையேனும் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை சையது அப்துல் ரஹீமுடையது. பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்ற அணியின் பயிற்சியாளர் அவர். ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கால்பந்து பெற்ற இரண்டு தங்கப் பதக்கங்களுக்கும் உரியவரும் அவரே.

ரஹீம் 1909 ஆகஸ்ட் 17 அன்று ஹைதராபாதில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கேயே கால்பந்தும் ஆடினார். படிப்பு முடிந்ததும் பள்ளி ஆசிரியரானார். பின்னர் உடற்கல்வியிலும் பட்டயம் பெற்றார். அவரை எல்லோரும் ரஹீம் சாகிப் என்றே அழைத்தார்கள். விளையாட்டு வீரராக அவர் பெரும்புகழ் பெற்றவரல்லர். மைதானத்தின் ஓரத்தில் நின்று ஒவ்வொரு பையனின் குறையையும் கண்டறிந்து பாடம் நடத்தும் வாத்தியார் குணமே அவரைப் பயிற்சியாளர் ஆக்கியது.

ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராகப் பொறுப்பேற்ற அவர், அந்த நகரத்தின் ஆட்டத்தையே அடியோடு மாற்றினார். அந்நாளைய இந்திய வீரர்களிடம் பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு எதிரிகளை ஒவ்வொருவராக ஏமாற்றிச் செல்லும் ஆசை மிகுதி. பார்ப்பதற்கு அழகான ஆட்டம்தான். ஆனால் வேகமாகப் பந்தைக் கடத்தும் அணியிடம் அது எடுபடாது. இதை உணர்ந்த ரஹீம், பந்தை உருட்டிச் செல்லவே கூடாது, உடனுக்குடன் சக வீரருக்குக் கொடுத்தாக வேண்டும் என்ற விதியுடன் தனிப் போட்டிகளை நடத்தினார். வலக்கால் பழக்கமுள்ளவர்கள் இடக்காலால் மட்டுமே ஆட வேண்டிய போட்டிகளும் அவருடைய ஏற்பாடுகளில் உண்டு. வயதை மட்டும் பாராமல் உயரத்தை அளவுகோலாக வைத்துச் சிறுவர்களுக்குப் போட்டி நடத்தினார். பெரிய அரங்கமோ பணமோ இல்லாத ஒரு நகரம், இந்த எளிய முறைகளின் வழியே வீரர்களை வரிசையாக உருவாக்கியது.

அந்த உழைப்பின் விளைச்சல் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியில் தெரிந்தது. ரஹீமின் பயிற்சியில் அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. கல்கத்தாவின் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் கோலோச்சிய காலத்தில், தெற்கிலிருந்து வந்த காவலர் அணி ஒன்று இப்படி வென்றது நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது.

1951-இல் தில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெற்றது. ரஹீம் பயிற்றுவித்த இந்திய அணி இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானையும் தலா மூன்று கோல்களால் வென்றது. இறுதி ஆட்டத்தில் மேவாலால் அடித்த ஒரே கோலால் ஈரானை வீழ்த்தித் தங்கம் பெற்றது. சுதந்திரம் பெற்று நான்கே ஆண்டுகள் ஆன நாட்டுக்கு அது பெரும் மகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. 1952 ஜூலையில் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியா யூகோஸ்லாவியாவைச் சந்தித்தது. குளிரான தரையில் நம் வீரர்களில் பலர் வெறுங்காலுடன் ஆடினார்கள். இரண்டு தற்காப்பு வீரர்கள், மூன்று நடுக்கள வீரர்கள், ஐந்து முன்கள வீரர்கள் என்ற பழைய அமைப்பையே நம் அணி பின்பற்றியது. ஐரோப்பிய அணிகள் அதைக் கைவிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. பத்து கோல்கள் விழுந்தன. இந்தியாவுக்கு ஆறுதலாக அகமது கான் ஒரு கோல் அடித்தார். ஒலிம்பிக் வரலாற்றில் நம் கால்பந்து அணி அடைந்த மிக மோசமான தோல்வி அதுவே.

இன்றைய தேநீர்க் கடை வாதங்களின் அளவுகோலில் பார்த்தால் ரஹீமின் பயிற்சி வாழ்க்கை அன்றே முடிந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, இனி வீரர்கள் காலணி அணிந்தே ஆட வேண்டும் என்று கால்பந்துச் சம்மேளனம் முடிவெடுத்தது. வெறுங்காலுடன் ஆடுவது நம் பெருமை என்ற எண்ணம் அத்துடன் ஒழிந்தது. மற்றொன்று, ரஹீம் தம்மையே திருத்திக்கொண்டார். பழைய அமைப்பைக் கைவிட்டு மூன்றாவது தற்காப்பு வீரரைக் கொண்டுவந்தார். அக்காலத்தில் ஹங்கேரி அணி மைய முன்கள வீரரைச் சற்றுப் பின்னால் நிறுத்தி எதிரணித் தற்காப்பைக் குழப்பி, 1953-இல் இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணிலேயே ஆறுக்கு மூன்று என்று வீழ்த்தியிருந்தது. அந்த உத்தியை நம் வீரர்களுக்கு ஏற்றபடி ரஹீம் வடிவமைத்தார். தோல்விக்குக் குளிரையும் விதியையும் காரணம் காட்டி ஒதுங்குவது எளிது. அவர் அதைச் செய்யவில்லை.

நான்காண்டுகளுக்குப் பின் மெல்போர்ன். 1956 ஒலிம்பிக்கின் முதல் சுற்றில் ஹங்கேரி விலகிக்கொண்டதால் இந்தியா ஆடாமலேயே முன்னேறியது. காலிறுதியில் ஆஸ்திரேலியாவை அதன் நாட்டிலேயே நான்குக்கு இரண்டு என்று வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல்களும், கிட்டு என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணசாமி ஒரு கோலும் அடித்தார்கள். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய அணி இந்தியாதான். அரையிறுதியில் எதிரே நின்றது மீண்டும் யூகோஸ்லாவியா. இம்முறை முதல் கோலை அடித்தது இந்தியா. முடிவில் நான்குக்கு ஒன்று என்று தோற்றாலும், பத்துக்கு ஒன்று என்ற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை அந்த ஆட்டம் காட்டியது. பல்கேரியாவிடம் தோற்றதால் வெண்கலம் கைநழுவியது, நான்காமிடம் கிடைத்தது. அந்த இடத்தை நாம் மீண்டும் எட்டவே இல்லை.

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா வென்ற ஆட்டம் ஒன்றுகூட இல்லை. ஆயினும் ஹங்கேரியிடம் ஒரே கோல் வித்தியாசத்தில்தான் தோற்றது. பிரான்சுடன் ஒன்றுக்கு ஒன்று என்று சமன் செய்தது. அட்டவணையில் அது தோல்விக் கணக்கு. ஆட்டத்தைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது வளர்ந்துகொண்டிருந்த அணி. இந்திய அணி ஒலிம்பிக் கால்பந்தில் கடைசியாக ஆடியது அங்கேதான்.

ரஹீம் வளர்த்த வீரர்களில் தமிழ் வேர் கொண்டவர்களும் உண்டு. செகந்திராபாதை அடுத்த அம்முகுடாவில் ஏழ்மையான தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராம், நகரத்துக்கு வந்து பயிற்சி பெற வசதியற்றவர். வாடகைச் சைக்கிளுக்காக நாளொன்றுக்கு ஒரு ரூபாயை ரஹீம் தந்து வரவழைத்தார் என்பதைப் பலராம் பிற்காலத்தில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ், நீலகிரியின் வெலிங்டனில் உள்ள மதராஸ் படைப்பிரிவு மையத்தின் அணியில் ஆடிப் பெயர் பெற்றவர். அந்த அணி 1955-இலும் 1958-இலும் டூரண்ட் கோப்பையை வென்றது.

இவர்கள் எல்லோரும் 1962-இல் ஜகார்த்தாவில் ஒன்றுசேர்ந்தார்கள். ரஹீமின் நுரையீரலை அப்போதே புற்றுநோய் பற்றியிருந்தது. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் இரண்டு கோல்களால் தோல்வி. தாய்லாந்தை நான்குக்கு ஒன்று என்று வென்ற ஆட்டத்தில் தற்காப்பின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட நேர்ந்தது. அடுத்து ஜப்பானை இரண்டு கோல்களால் வென்று அரையிறுதிக்கு வந்தபோது, ரஹீம் எவரும் எதிர்பாராத முடிவெடுத்தார். காயம்பட்ட ஜர்னைலைத் தற்காப்பிலிருந்து எடுத்து முன்களத்தின் நடுவில் நிறுத்தினார். கல்லூரி நாட்களில் அவர் முன்களத்தில் ஆடியவர் என்பது ரஹீமுக்குத் தெரியும். அரையிறுதியில் தென் வியட்நாம் மூன்றுக்கு இரண்டு என்று வீழ்ந்தது.

இதற்கிடையே விளையாட்டுக்கு வெளியே ஒரு புயல். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா நுழைவு மறுத்ததை இந்தியரான ஜி.டி. சோந்தி கண்டித்தார். அதனால் ஜகார்த்தாவில் இந்தியாவுக்கு எதிராகக் கொந்தளிப்பு எழுந்தது. இந்தியத் தூதரகமும் தாக்கப்பட்டது. செப்டம்பர் 4 அன்று இறுதி ஆட்டம். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கூடிய அரங்கம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராக முழங்கியது. எதிரே முதல் ஆட்டத்தில் நம்மை வென்ற அதே தென் கொரியா. காய்ச்சலில் இருந்து எழுந்த தங்கராஜை ரஹீம் கோல் முன் நிறுத்தினார். பதினேழாவது நிமிடத்தில் பி.கே. பானர்ஜியும் இருபதாவது நிமிடத்தில் தலையில் கட்டுடன் ஜர்னைலும் கோல் அடித்தார்கள். கொரியா ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு கோல் மட்டுமே திருப்ப முடிந்தது. சுனி கோஸ்வாமி தலைமையிலான அணி தங்கம் வென்றது.

அன்று வேளாங்கண்ணித் திருவிழாவில் கொடியேறிய ஏழாம் நாள். ஆரோக்கிய அன்னையின் ஆலயத்தைப் பேராலயமாகத் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் உயர்த்தியதும் அதே 1962-இல்தான். இந்த ஊரின் மூத்தவர்களுக்கு அந்த ஆண்டு வேறு காரணத்துக்காக நினைவிருக்கும். இந்தியக் கால்பந்துக்கோ அதுவே உச்சம். அதன் பிறகு இறக்கம்.

நாடு திரும்பிய ரஹீம் படுக்கையில் விழுந்தார். 1963 ஜூன் 11 அன்று, 53 வயதில், காலமானார். அடுத்த ஆண்டே ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாமிடம் பெற்றது. 1970-இல் பாங்காக்கில் வெண்கலம் கிடைத்தது. இவை பெரும்பாலும் அவர் நட்ட பயிரின் மறுதாம்பு விளைச்சல். அதற்குப் பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குப் பதக்கமே இல்லை. சிறந்த பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியா விருது 1985-இல் ஏற்படுத்தப்பட்டது. அதை எதிர்பார்க்க அவர் உயிருடன் இல்லை. 2024-இல் வெளிவந்த மைதான் என்ற இந்தித் திரைப்படம்தான் இன்றைய தலைமுறையில் பலருக்கு அவரை அறிமுகப்படுத்தியது.

இந்த வாழ்க்கையிலிருந்து, தோற்ற பயிற்சியாளர் எவரையும் நீக்கவே கூடாது என்ற முடிவுக்கு வந்துவிட முடியாது. திருந்தாதவருக்குக் காலம் தருவது பொறுமையாகாது, அது சோம்பல். ஆனால் ரசிகர்களும் நிர்வாகிகளும் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை கோல் வாங்கினோம் என்பது மட்டுமல்ல. தோல்விக்குப் பின் பயிற்சியாளர் எதை மாற்றினார், அவருக்குக் கீழே புதிய வீரர்கள் உருவாகிறார்களா, அவர்களின் கையில் காலணி இருக்கிறதா என்பவையும் கேட்கப்பட வேண்டும். ஹெல்சிங்கிக்குப் பின் இவற்றுக்கு ரஹீமிடம் விடை இருந்தது. சம்மேளனமும் தன் பங்கைச் செய்தது.

இன்னொரு கேள்வி இதைவிடக் கசப்பானது. ரஹீம் போனதும் அவருடைய முறைகளும் போய்விட்டன. ஹைதராபாதின் பள்ளி மைதானங்களில் அவர் நடத்திய அந்த விசித்திரப் போட்டிகளை நாடெங்கும் பரப்பும் அமைப்பை எவரும் கட்டவில்லை. ஒரு மனிதரின் உடல்நலத்தை நம்பி ஒரு நாட்டின் ஆட்டம் நின்றது என்பது அவருக்குப் பெருமையாக இருக்கலாம். நிர்வாகத்துக்கு அது பெருமையல்ல. பயிற்சியாளரை மாற்றும் வேகத்தில் பாதியாவது மைதானங்களை உருவாக்குவதில் இருந்திருந்தால், நம் நிலை வேறாக இருந்திருக்கும்.

காவிரியின் கடைமடையில் வாழும் விவசாயிக்கு இது புதிய பாடம் அல்ல. தண்ணீர் வராமல் குறுவை பொய்த்தால் அவர் நிலத்தை விற்றுவிட்டுப் போவதில்லை. வாய்க்காலைத் தூர்வாரி, விதையை மாற்றி, சம்பாவுக்கு உழுகிறார். அடுத்த ஆட்டத்தில் யார் வெல்வார்கள் என்ற வாதம் வேளாங்கண்ணிக் கடற்கரையில் நாளையும் நடக்கும், நடக்கட்டும். அந்த மணலில் ஆடும் பையன்களில் ஒருவனுக்கு வாடகைச் சைக்கிளுக்கு ஒரு ரூபாய் தர ஒரு ரஹீம் இருக்கிறாரா என்பதையும் அந்த வாதத்தில் சேர்த்துக்கொண்டால் நல்லது.